மாத்தளை மலைவழியே துவிச்சக்கர வண்டிப் பிரயாணம்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் போகும் ஏ-9 பெருந்தெரு மாத்தளை மாவட்டத்தை ஊடறுத்துச் செல்கிறது. துவிச்சக்கர வண்டியில் அந்த மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர் முதன்முதலாகச் செய்யவேண்டிய காரியம், அந்தத் தெருவை எங்கே விட்டு விலகுவது, எங்கே மறுபடியும் வந்து தொடுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்வதேயாகும். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நம்பித் தமிழகத்திலிருந்து புறப்பட்ட ஏழை ஜனங்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடும் காய்ச்சலும் நிறைந்த வழியிலே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து, வழியிலேயே அநேகரைப் புதைத்துவிட்டு, மலைநாட்டின் வாசலாகிய மாத்தளைக்கு நடந்து வந்து சேர்ந்தது இந்த வடபாதை வழியேதான். அதே பாதையில் இன்று லொறியும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதால், அமைதியை நாடி வருகிற சைக்கிள்காரருக்கு அங்கே நிம்மதி இல்லை. சந்தடியற்ற தெருக்களெல்லாம் அதற்குக் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவுகளிலே கிடக்கின்றன. நான் இங்கே விவரிக்கும் வழி கண்டியில் தொடங்கி, வத்தேகம, எல்கடுவை, மாத்தளை, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புர, லக்கல பல்லேகம எனச் சுற்றி நாவுலையில் பெருந்தெருவைத் தொடுவது. இதற்கு நான்கு நாட்கள் ஒதுக்குவது உசிதம். இரண்டு நாளில் முடித்துவிடுகிற தீரர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தக் கட்டுரையினால் பிரயோஜனம் இல்லை.

காலத்தைத் தெரிந்தெடுப்பது அடுத்த காரியம். மாசியும் பங்குனியுமே உத்தமமான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல்தோறும் இடியோடு மழை கொட்டும்; மார்கழியிலும் தையிலும் வடகீழ்ப் பருவமழை மலையின் கிழக்குச் சாரலை ஊறவைத்து மண்சரிவுக்கு இடமளிக்கும்; ஆனி, ஆடியிலோ ரிவர்ஸ்டன் கணவாயில் வீசும் காற்று, சைக்கிளில் இருப்பவரை மாத்திரமல்ல, இறங்கி நிற்பவரையும் தள்ளாடச் செய்யும். மாசி மகத்தை ஒட்டி மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தில் பஞ்சரத பவனி நடைபெறும். அன்றைக்கு அந்நகர வீதியில் சைக்கிள் உருட்டவே இடமிராதாகையால், வண்டியைத் தங்குமிடத்தில் பூட்டி வைத்துவிட்டு, ஜனங்களோடு சேர்ந்து வடம் பிடிப்பதே மேல்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கத்தில் சிறிய பல்சக்கரமும் பின்பக்கத்தில் பெரிய பல்சக்கரமும் அமைந்த, ஏற்றத்துக்கு இளகிக் கொடுக்கக்கூடிய கியர் வேண்டும். 32 மில்லிமீற்றருக்குக் குறையாத டயர் வேண்டும். இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றுப் பம்பு, ஒரு சோடிப் பிரேக் கட்டை, செயினை இணைக்கும் கண்ணி ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஏனெனில் மலைக்குள்ளே டியூப் ஒட்டித் தருகிறவர் கிடைப்பாரேயன்றி, நவீன வண்டிக்குரிய உதிரிப் பாகம் கிடைக்காது. கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் விறகும் பலாக்காயும் ஏற்றி வருகிற கிராமத்தவர் மேடு வந்ததும் இறங்கித் தள்ளுகிறார்கள். நீங்களும் தள்ளலாம், அதிலே மானக்கேடு ஒன்றும் இல்லை.

முதல் நாள் வத்தேகமவிலிருந்து எல்கடுவைக்கு ஏறி, அங்கிருந்து மாத்தளைக்கு இறங்குவது. எல்கடுவைக்கு அப்பால், ஊற்றுநீரைத் தேக்கி உண்டாக்கிய செம்புவத்தைக் குளம் தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிளைப்பாதைகள் பல தோட்டங்களுக்குச் சொந்தமானவை. கேட்காமல் நுழைவது மரியாதையன்று. கேட்டால் மறுப்பவர் அபூர்வம். "அண்ணே, இந்த ரோட்டுல போனா மேல ஏறலாமா?" என்று காவல்காரரிடம் கேட்டுப் பாருங்கள்; "ஏறலாம் தம்பி, மேட்டு லயத்துக்கிட்ட கொஞ்சம் ரோடு சரியில்ல, அந்த எடத்துல மட்டும் எறங்கி தள்ளிட்டுப் போங்க" என்று எந்த வரைபடமும் காட்டாத விவரத்தையும் சேர்த்துச் சொல்லுவார். இரவு மாத்தளையில் தங்கலாம்.

இரண்டாம் நாளே இந்தப் பிரயாணத்தின் ஜீவன். மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 350 மீற்றருக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ரிவர்ஸ்டன் அதைவிட ஆயிரம் மீற்றர் அளவு உயர்ந்தது. இந்த ஏற்றத்தின் பெரும்பகுதி ரத்தோட்டைக்குப் பிறகே வருவதால், காலை ஆறு மணிக்கே புறப்பட்டு, ரத்தோட்டைக் கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்டு, இரண்டு போத்தல் தண்ணீரையும் நிரப்பிக்கொண்டு, பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்துக்கு மேல் போகாமல் ஏறவேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் ஒரு கியர் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். மிளகுக் கொடியும் கமுகும் கறுவாவும் மெல்ல மெல்ல விலகித் தேயிலை வரும். தேயிலையும் முடிந்தபின் பனி மூட்டமும் குட்டை மரங்களும் வரும். கணவாயில் வியர்வை உலர்வதற்குள் குளிர் பிடித்துக்கொள்ளுமாதலால், ஒரு மாற்றுச் சட்டையைப் பையின் மேற்புறத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து இலுக்கும்புரவுக்குச் செல்லும் இறக்கம், ஏற்றத்தைவிட அதிக ஜாக்கிரதையைக் கேட்பது. தெரு ஒடுங்கியது, வளைவுக்கு வளைவு எதிரே வருவது தெரியாது, பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டவுடனே இடப்பக்க ஓரத்தில் நின்றுவிட வேண்டும். வளைவுக்குள் புகுந்தபின் பிரேக் பிடிக்காமல், புகுமுன்னரே வேகத்தைத் தணித்து, உள்ளே சக்கரத்தை அதன் போக்கில் உருள விடுவதே முறை. ரிம்மைக் கவ்வும் பிரேக்குள்ள வண்டியானால், முன்னும் பின்னுமாக மாறிமாறிப் பிடித்து, இடையிடையே நிறுத்தி, ரிம்மின்மேல் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்; அது சீறி ஆவியானால், ஆறுமட்டும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவேளையில் பிட்டவல பத்தனவைக் கால்நடையாகப் பார்த்துவிடலாம். கற்பாறைமேல் மெல்லிய மண் போர்த்துப் புல் வளர்ந்த அந்த வெளியின் விளிம்பில் பூமி திடீரென்று அறுந்து பள்ளத்தாக்காகிறது. 2010இல் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்ட மத்திய மலைநாட்டில் நக்கிள்ஸ் காடும் அடங்கும். ஆகவே வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் கணுக்காலில் தடவிக்கொள்வது போதும். ஏறிவிட்டால் பிடுங்க வேண்டாம், உப்பு வைத்தால் தானே விழும்.

இலுக்கும்புரவில் இரவைக் கழித்து, மூன்றாம் நாள் லக்கலவுக்கு இறங்குகிறபோது உஷ்ணமும் காட்சியும் ஒருங்கே மாறுகின்றன. பழைய பல்லேகம நகரம் களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டப்பட்ட புதிய நகரத்திலேதான் இப்போது கடையும் தங்குமிடமும் உள்ளன. பழைய வரைபடத்தை நம்பி வருகிறவர் நீர்க்கரையிலே போய் நிற்பார். இங்கிருந்து எலஹெரப் பக்கமாக நாவுலைக்குச் சுற்றி வரும் பிரதேசம் வஸ்கமுவக் காட்டுக்கு அணித்தானது. ஆதலால் யானைகளின் நடமாட்டம் உண்டு. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் தெருவில் இருக்கலாகாது. சாணம் பசுமையாக, ஆவி பறக்கக் கிடந்தால் வந்த வழியே திரும்பி, அடுத்த லொறியோ பஸ்ஸோ வருமட்டும் காத்திருந்து அதன் பின்னே போவதுதான் விவேகம். சைக்கிள் சத்தமின்றிப் போவது மற்ற இடங்களில் அதன் மகிமை. இங்கே அதுவே அபாயம். மணியை அடித்துக்கொண்டே போங்கள். விபத்து ஏதும் நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும்.

இந்தக் கிராமங்களில் பெரும்பாலும் சிங்களமே பேசப்படும். "ஆயுபோவன்" என்று கைகூப்பி, கடைக்கார இளைஞரை "மல்லி" என்று அழைத்தால், வெறும் தேத்தண்ணியோடு கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டும் வரும்.

நான்காம் நாள் நாவுலையிலிருந்து தெற்கே திரும்பினால் நாலந்தா கெடிகே. பல்லவர் பாணியை நினைவூட்டும் அந்தச் சிறு கற்கோவில் ஒரு பௌத்த ஸ்தலம்; போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு இரையாகாமல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, மேட்டிலே மறுபடியும் எழுப்பப்பட்டது. அதன்பின் எஞ்சியிருக்கிற ஏ-9 தெருவை ஞாயிற்றுக்கிழமை அதிகாலைக்கு என்று வைத்துக்கொண்டால் லொறிகளின் தொல்லை குறைவு. அலுவிகாரையை நெருங்கும்போது வாசனைத் திரவியத் தோட்டங்களின் ஆட்கள் தெருவோரத்தில் நின்று கைகாட்டி அழைப்பார்கள். மிளகும் சாதிக்காயும் வேண்டுமானால் மாத்தளைக் கடைத்தெருவிலே விலை பேசி வாங்குங்கள்.