வளவில் டிராகன் பழம்: இடம் மாறி வந்தோர் கவனிக்க வேண்டியவை

மருதமுனையின் வீட்டுக் காணிகள் பெரும்பாலும் கடல் மணல். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், கரையோர 65 மீற்றர் எல்லைக்குள் வீடு கட்ட முடியாமல் உள்ளே குடியேறியவர்களும், போர்க்காலத்தில் வயற்காணியை விட்டு வந்தவர்களும் இன்று சில பேர்ச் நிலத்தோடு வாழ்கிறார்கள். நெல் செய்த கைகளுக்கு இந்தச் சிறிய மணல் வளவில் என்ன செய்வது என்பதே கேள்வி. "டிராகன் பழம் போடுங்கள், கடன் தருகிறோம்" என்று யாராவது வந்து சொன்னால், ஒப்புக்கொள்வதற்கு முன் இந்தப் பாடத்தை ஒருமுறை வாசியுங்கள். பயிர் நல்ல பயிர்தான். அதை எந்தக் காணியில், எவ்வளவு, யாருடைய பணத்தில் தொடங்குவது என்பதில்தான் கவனம் தேவை.

இது கள்ளிக் குடும்பத்துக் கொடி. மத்திய அமெரிக்காவும் மெக்சிக்கோவும் இதன் தாயகம். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் வியட்நாமுக்குப் போய், அங்கே பெரும் ஏற்றுமதிப் பயிரானது. 2021இல் குஜராத் அரசு இதற்குக் 'கமலம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினாலும் முள் மாறவில்லை. நம் நாட்டில் வீட்டு முற்றங்களில் இரவில் பூக்கும் கடுபுல் பூவும் இதற்கு உறவு. டிராகன் பூவும் அப்படியே ஒரே இரவுக்கு மலர்ந்து, காலை வெயில் ஏறியதும் வாடிவிடும்.

இந்தச் செடிக்கு இலை இல்லை. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. மற்றப் பயிர்கள் பகலில் மூச்சுத் துவாரங்களைத் திறந்து வைப்பதால் கச்சான் காற்றில் நீரை இழந்து வாடுகின்றன. இதுவோ பகலில் மூடி வைத்து இரவில்தான் திறக்கிறது. ஆகவே குறைந்த நீரில் பிழைக்கும். ஆனால் பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. இதன் வேர் ஒரு அடிக்குக் கீழே அதிகம் இறங்காது. மணலில் மேல்மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும். கோடையில் வாரம் இரு தடவை ஒரு வாளி, இரண்டு வாளி நீர் ஊற்றாவிட்டால் மொட்டு உதிரும். கிணற்று நீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அந்த நீரை நம்பி இப்பயிரைத் தொடங்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இதன் பெரிய எதிரி வரட்சி அல்ல, மாரி. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை பெய்யும் மழையில் அடியில் நீர் தேங்கினால் தண்டு அழுகும். எனவே கிடங்கு வெட்டி நடுவதைவிட, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி நடுவது நல்லது. மேட்டு மண்ணில் மக்கிய மாட்டெரு, கூட்டெரு, நெல் ஆலையில் கிடைக்கும் உமியைக் கரியாக்கியது ஆகியவற்றைக் கலவுங்கள். மேட்டைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சை அடுக்கினால் ஈரம் நிற்கும். இரசாயனப் பசளை 2021இல் திடீரென்று தடை செய்யப்பட்டபோது நெல்லுக்கு வந்த இடைஞ்சல் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்தப் பயிரை ஆண்டுக்குத் தூணுக்கு 10 முதல் 15 கிலோ கூட்டெருவை மூன்று தடவையாகப் போட்டே வளர்த்துவிடலாம்.

தூணும் தண்டும்

செடிக்கு ஏறி நிற்க ஆதாரம் வேண்டும். செலவெல்லாம் அதில்தான். வழக்கமாக ஆறரை, ஏழு அடி சீமெந்துத் தூணை இரண்டு அடி புதைத்து, உச்சியில் பழைய மோட்டார் சைக்கிள் ரயரைக் கட்டுவார்கள். தூணுக்குத் தூண் 10 அடி இடைவெளி. ஒரு தூணைச் சுற்றி நான்கு தண்டு. இந்தக் கணக்கில் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 435 தூண், 10 பேர்ச்சுக்கு 27 தூண். சீமெந்து விலையைப் போட்டுப் பாருங்கள். (ரயரின் கீழ்ப்புறம் துளையிட மறக்க வேண்டாம். மழைநீர் தங்கினால் டெங்கு நுளம்புக்கு அது தொட்டில்.)

காணி உறுதியோ, அளிப்புப் பத்திரமோ, அனுமதிப்பத்திரமோ உங்கள் பெயரில் இல்லையென்றால் சீமெந்துத் தூண் நடவே வேண்டாம். செடி இருபது வருடம் நிற்கக்கூடியது. நாளைக்கு அந்தக் காணியை விட்டு எழும்பச் சொன்னால் தண்டை வெட்டிச் சாக்கில் கட்டிக்கொண்டு போகலாம், தூணைக் கொண்டுபோக முடியாது. பத்திரம் பற்றிய சந்தேகத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குக் கிளிரிசிடியா உதவும். கைமொத்தத்துக்குக் குறையாத, ஆறு அடிக் கொம்பை ஒக்டோபர் மழையோடு ஊன்றினால் தளிர்த்துவிடும். மாரி ஓய்ந்த பின், பெப்ரவரி அளவில் அதன் அடியில் டிராகன் தண்டை நடலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளையை வெட்டி நிழலைக் குறைக்க வேண்டும். வெட்டிய இலையை அடியில் பரப்பினால் அதுவே தழைப்பசளை. உயிர்க்கம்பத்தில் விளைச்சல் சற்றுக் குறையலாம். ஆனால் இழப்பதற்கும் அதிகம் இல்லை.

நடும் தண்டு முற்றிய கரும்பச்சை நிறத்தில், ஒரு அடி தொடக்கம் ஒன்றரை அடி நீளம் இருக்கட்டும். வெட்டியதும் நடக்கூடாது. நிழலில் ஐந்தாறு நாள் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்த பின்னரே நட வேண்டும். அவசரப்பட்டால் அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அடிப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று அடையாளம் வைத்து, அடிப்பக்கத்தை இரண்டு அங்குலம் மட்டும் புதையுங்கள். ஒரு மாதத்துக்குள் வேர்விடும். முதற் கோடையில் வெயில் சுட்டுத் தண்டு மஞ்சளாகும், ஆகவே கிடுகு சாய்த்து நிழல் கொடுங்கள். கட்டுவதற்குக் கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். மருதமுனையில் கைத்தறிகளுக்குக் குறைவில்லை. அங்கே கழிக்கும் பருத்தி நூலே போதும். அது உக்கிப் போவதற்குள் செடி தன் வேரால் தூணைப் பிடித்துக்கொள்ளும்.

உச்சிக்குப் போகும்வரை ஒரே தண்டை விட்டுப் பக்கக் கிளைகளை வெட்டுங்கள். உச்சி தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் குடைபோல் தொங்கும். பூ அவற்றில்தான் வரும். வெட்டும் கிளை எதுவும் குப்பையல்ல, அடுத்த தூணுக்கான நாற்று. ஆகவே இரண்டு தூணுக்கு எட்டுத் தண்டோடு தொடங்குங்கள். அடுத்த வருடம் உங்கள் செடியே பத்துத் தூணுக்குத் தண்டு தரும். வாங்கும்போது சிவப்புச் சதையா, வெள்ளைச் சதையா என்று கேளுங்கள். வெள்ளை பெரும்பாலும் தானே காய் பிடிக்கும். சிவப்பு வகைகள் பலவற்றுக்கு வேறு வகைச் செடியின் மகரந்தம் வேண்டும். இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகு தூரிகையால் தொட்டு வைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் கலந்து நடுவது புத்தி.

எறும்பு மொட்டைக் கடிக்கும், நத்தை இளந்தண்டை அரிக்கும், அணிலும் வௌவாலும் பழத்துக்கு வரும். பழத்துக்கு வலைப் பை கட்டுங்கள். அழுகிய பகுதியைக் கண்டதும் சுத்தமான கத்தியால் நல்ல இடம்வரை வெட்டி அகற்றுங்கள். வெட்டிய துண்டைக் கூட்டெருக் குவியலில் போட வேண்டாம், எரித்துவிடுங்கள்.

பழமும் விலையும்

நட்டு ஒன்றரை வருடமளவில் முதற் பூ வரும். முதற் போகத்தில் தூணுக்கு நாலைந்து பழம்தான். பராமரித்தால் நான்காம், ஐந்தாம் வருடத்தில் 10 முதல் 15 கிலோ எதிர்பார்க்கலாம். காய்ப்பு முக்கியமாக மே தொடக்கம் ஒக்டோபர் வரை. பூத்து முப்பது நாளளவில் தோல் சிவக்கும். சிவந்து மூன்று நான்கு நாளில் பறியுங்கள். முன்னதாகப் பறித்தால் வீட்டில் வைத்து இனிப்பாக்க முடியாது.

முதல் இரண்டு வருடம் கையில் காசு வராது என்பதைக் கடன் கொடுப்பவர் சொல்லமாட்டார். ஆனால் மாதத் தவணை முதல் மாதமே வரும். தூண்களுக்கிடையில் கச்சான், கீரை, பயறு போட்டு அந்த இடைக்காலத்தைச் சமாளியுங்கள்.

விலைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. வியட்நாமில் முன்னர் பின் துவான் மாகாணமாக இருந்த பகுதியின் விவசாயிகள் இரவில் மின்விளக்கு எரித்துப் பருவமில்லாக் காலத்திலும் பூக்க வைக்குமளவு கெட்டிக்காரர்கள். ஆனால் பழத்தின் பெரும்பகுதி சீனா ஒன்றுக்கே போனது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் கோவிட் கட்டுப்பாட்டால் எல்லை இறுகியபோது பழ லொறிகள் எல்லையில் வரிசையாக நின்றன, விலை விழுந்தது. செடியையே வெட்டி எறிந்தவர்கள் உண்டு. நமக்கு ஒரு வியாபாரியே அந்த எல்லை ஆகிவிடலாம். இரண்டு தூண் பழத்தை அயலிலும் சந்தையிலும் விற்றுப் பார்த்த பின் மூன்றாவது தூணை யோசியுங்கள்.

இது சீனி வருத்தத்தைச் சுகமாக்கும் என்று சொல்லி விற்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லி விற்க வேண்டாம், இது பழம், மருந்தல்ல. சிவப்புப் பழம் தின்ற பிள்ளைக்குச் சிறுநீர் சிவந்து போனால் பதறவும் வேண்டாம். பழத்தின் சாயம் அது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு: நம்மில் யார் யாருக்குக் காணிப் பத்திரம் உண்டு? யாருடைய கிணறு ஓகஸ்டிலும் உவர்க்காமல் இருக்கிறது? நோயில்லாத தாய்ச்செடி வைத்திருப்பவர் யார்? சங்கமாக ஒரு வளவில் நான்கு தூண் நட்டு, அடுத்த வருடத் தண்டுகளை எந்த ஒழுங்கில் பங்கிடுவது என்று பெயர் எழுதி வையுங்கள். விதவைகளின் வீடுகள் பட்டியலில் முதலில் வரட்டும்.