பேஜர் டெர்மினல் வேலை செய்த விதமும் நமக்கு அதிலுள்ள பாடமும்



1995-ஆம் ஆண்டை ஒட்டி நம் நாட்டுப் பெருநகரங்களில் பேஜர் வந்தது. பெல்ட்டில் செருகிக்கொள்ளும் சிறு கருவி. அதில் பேச முடியாது, செய்தி மட்டும் வரும். கொடைரோட்டிலிருந்த எனக்கு அது தேவைப்படவில்லை. சென்னை கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் எனக்குத் துவரம்பருப்பு பிடித்துக் கொடுத்த தரகர் ஒன்று வைத்திருந்தார்.

1997-இல் ஒரு நாள் இங்கே பருப்பு விலை இறங்கிவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேஜர் கம்பெனிக்குப் போன் செய்து, "இன்று லோடு ஏற்ற வேண்டாம்" என்று அவருக்குச் செய்தி கொடுத்தேன். "அனுப்பியாச்சு சார்" என்றார்கள். நிம்மதியாகக் கடைக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் 60 மூட்டை வாசலில் வந்து நின்றது! தரகர் அந்த நேரம் குடோனுக்குள் இருந்திருக்கிறார். தடித்த சுவரைத் தாண்டி அலை போகவில்லை. மூட்டைக்கு 40 ரூபாய் வீதம் 2,400 ரூபாய் நஷ்டம்.

அனுப்பினேன் என்றது பொய்யில்லை. சேரவில்லை என்றதும் பொய்யில்லை. அது எப்படி? அந்தத் துறையில் வேலை பார்த்த உறவுக்காரப் பையன் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.

டெர்மினல் கிளம்பும் விதம்

பேஜர் கம்பெனியின் இதயம் டெர்மினல் என்னும் கம்ப்யூட்டர். மின்சாரம் கொடுத்ததும் முதலில் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். பிறகு சந்தாதாரர் பட்டியலை நினைவில் ஏற்றும். இது நம் பேரேடு மாதிரி. எந்தச் சந்தா எண்ணுக்கு எந்தப் பேஜர், அதற்கு எண் மட்டும் போகுமா, எழுத்தும் போகுமா, சந்தா நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து டெலிபோன் லைன்களையும், டவரிலுள்ள டிரான்ஸ்மிட்டரோடு உள்ள இணைப்பையும் பார்ப்பார்கள். கடைசியாக மேஜைமேல் உள்ள ஒரு பேஜருக்குச் சோதனைச் செய்தி அனுப்புவார்கள். அது கத்தினால்தான் வேலை ஆரம்பம். தராசைச் சரிபார்த்துவிட்டு நாம் கடை திறப்பது போலத்தான்.

செய்தி போகும் விதம்

நாம் சொல்வதை ஆபரேட்டர் ஆங்கில எழுத்தில் தட்டுவார். டெர்மினல் பேரேட்டைப் பார்த்து, அந்தப் பேஜருக்குள் பதிந்துள்ள எண்ணை எடுக்கும். செய்தியை 1, 0 என்ற குறிகளாக மாற்றி வரிசையில் வைத்து டிரான்ஸ்மிட்டரை இயக்கும்.

அப்போது பரவலாக இருந்த பாக்சாக் என்ற முறையில், முதலில் 1, 0, 1, 0 என்று குறைந்தது 576 குறிகள் போகும. நொடிக்கு 512 குறி என்ற வேகத்தில் இதற்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ரயில் வருமுன் ஊதும் ஊதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் பேஜர்கள் இதைக் கேட்டு விழிக்கும். பின்னால் 8 பெட்டிகள் வரும். பேஜர் எண்ணை 8-ஆல் வகுத்தால் வரும் மீதியே அதன் பெட்டி. மீதி 0 என்றால் முதல் பெட்டி, 7 என்றால் கடைசிப் பெட்டி. 12,34,567 என்ற பேஜருக்கு மீதி 7. கொடைரோடு ஸ்டேஷனில் விருந்தாளி வரும் பெட்டிக்கு நேராக மட்டும் நாம் நிற்பதில்லையா? பேஜரும் தன் பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அதனால்தான் சின்ன பேட்டரி பல வாரம் உழைத்தது. தன் எண் இருந்தால், தொடர்ந்து வரும் செய்தியை வாங்கிக்கொண்டு கத்தும்.

ஒவ்வொரு 32 குறியிலும் சோதனைக்கென்றே 11 குறிகள் உண்டு. வழியில் ஓரிரு குறி கெட்டால் பேஜரே திருத்திவிடும். ஆனால் ஆபரேட்டர் "ஆறு மூட்டை" என்பதை "நூறு மூட்டை" என்று காதில் வாங்கியிருந்தால் எந்தக் கருவியும் திருத்தாது.

குறை எங்கே?

சாதாரணப் பேஜர் கேட்கும், திருப்பிப் பேசாது. டவரிலிருந்து அலை கிளம்பியதோடு டெர்மினலின் கணக்கு முடிந்தது. இதற்காகவே பல டெர்மினல்களில் செய்திக்கு வரிசை எண் போடும் வசதி இருந்தது. 14-க்குப் பின் 16 வந்தால், 15 தவறியது தெரியும். உடனே போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.

இன்றைக்கு நமக்கு

2003-இல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசமானது. பேஜர் மறைந்தே போனது. ஆனால் பழைய தவறை நாம் இன்றும் செய்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் அனுப்பியது மட்டுமே. இரண்டு டிக் என்றால் அவர் போனுக்குச் சேர்ந்தது. நீல டிக் என்றாலும் பார்த்தார் என்றுதான் பொருள், சம்மதித்தார் என்றல்ல. வாடிக்கையாளர் "பணம் போட்டாச்சு" என்று தன் போன் திரையைக் காட்டுவதும் அப்படியே. நம் கணக்கில் வரவு தெரிந்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும்.

அந்த 60 மூட்டைக்குப் பிறகு நான் மூன்று வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் வரிசை எண் போடுவேன். தொகையையும் மூட்டைக் கணக்கையும் எண்ணாலும் எழுத்தாலும் எழுதுவேன். எதிர்த்தரப்பு அதைத் திருப்பிச் சொல்லும்வரை ஆர்டர் முடிந்ததாகப் பேரேட்டில் ஏற்றமாட்டேன். இதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஒரு லோடு திரும்பி வரும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.