ஒழுகும் ஷவர் கதவு: அடி பீடிங் மாற்றப் போகும் டெக்னீஷியனுக்கு

ஹோட்டல் மெயின்டெனன்ஸில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சீக்கிரமே வந்து சேரும் கம்ப்ளெயின்ட் இது: "பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்கு அடியில தண்ணி வெளிய வருது." அடுக்குமாடி வீடுகளில் தனியாக வேலை எடுத்துச் செய்பவருக்கும் இதே அழைப்பு வரும். கேட்டதும் பலர் நேராகக் கடைக்குப் போய், கண்ணில் பட்ட பீடிங்கை வாங்கி வந்து மாட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். சில நாளில் மறுபடியும் போன் அடிக்கும். பீடிங்கை மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது. எதை மாட்டுவது, மாட்டினால் ஒழுகல் நிற்குமா என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. அதைத் தெரிந்தவரின் நம்பரைத்தான் சூப்பர்வைசர் போனில் சேமித்து வைத்துக்கொள்வார்.

கையில் பீடிங்கோடு போகாதீர்கள். முதல் முறை போவது பார்ப்பதற்கும் அளப்பதற்கும் மட்டும்தான்.

கதவுக்கு வெளியே தரையை நன்றாகத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரியுங்கள். கதவை மூடி நீங்கள் உள்ளே நின்றுகொண்டு, ஹேண்ட் ஷவரால் முதலில் கீல் பக்கம், அடுத்து கைப்பிடிப் பக்கம், கடைசியில் அடிப்பக்கம் என்று தனித்தனியாகத் தண்ணீர் அடியுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடமாவது கொடுங்கள். எந்தப் பக்கத்துத் தாள் முதலில் நனைகிறது என்று கண்ணாடி வழியாகவே தெரியும். அடியில் வரும் தண்ணீருக்கெல்லாம் அடி பீடிங்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்தில் அசையாமல் நிற்கும் கண்ணாடியின் அடியில் சிலிக்கான் விட்டுப்போயிருக்கலாம். கீல் பக்கத்துப் பட்டை சுருங்கியிருக்கலாம். வடிகாலில் முடி அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கி, கதவடித் திட்டைத் தாண்டி வரலாம். ஷவர் தலை நேராகக் கதவைப் பார்த்து நின்றால் எந்த பீடிங் போட்டாலும் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். தலையைத் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கதவடித் திட்டின்மேல் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் உள்பக்கம் ஓட வேண்டும். வெளியே ஓடினால் கல் பதித்ததிலேயே சாய்வு தவறு. அப்போது அதை அப்படியே சொல்லிவிடுங்கள். பீடிங் மாற்றினால் ஒழுகல் குறையும், முழுதாக நிற்காது என்று வேலைக்கு முன்னால் சொன்னால் அது விளக்கம். வேலை முடிந்த பிறகு சொன்னால் சாக்கு.

அடுத்து கதவு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியின் அடி விளிம்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைக் கீல் பக்கம், நடு, கைப்பிடிப் பக்கம் என மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். கீல் பக்கம் 10 எம்எம், கைப்பிடிப் பக்கம் 6 எம்எம் என்று வந்தால், ஒன்று கதவு தொங்கியிருக்கிறது, இல்லையென்றால் தரை ஏறியிருக்கிறது. கதவின் செங்குத்து விளிம்பில் ரசமட்டத்தை வைத்தால் எது என்று தெரிந்துவிடும். தொங்கிய கதவில் புது பீடிங் போட்டால் ஒரு முனை தரையில் உரசித் தேயும், மறுமுனை தரையைத் தொடவே தொடாது. முதலில் கீலைச் சரிசெய்ய வேண்டும். அதைத் தனி ஆளாகச் செய்யக் கூடாது. 10 எம்எம் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. 700 எம்எம் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கதவு 35 கிலோ வரும். கீல் ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது அத்தனை எடையும் உங்கள் கைக்குத்தான் வரும். கண்ணாடியைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

இன்னும் ஒன்று. கண்ணாடியின் ஏதாவது ஒரு மூலையில் சின்ன முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவில் கட்டடங்களுக்கான பாதுகாப்புக் கண்ணாடியின் தர எண் ஐஎஸ் 2553. முத்திரை எதுவும் இல்லை, சாதாரணக் கண்ணாடியோ என்று சந்தேகம் வந்தால், பீடிங்கை ஒத்திவைத்துவிட்டு சூப்பர்வைசரிடமோ வீட்டுக்காரரிடமோ முதலில் அதைச் சொல்லுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியான டஃபன்ட் கிளாஸ் உடைந்தால் சிறு சிறு துண்டுகளாக உதிரும். சாதாரணக் கண்ணாடி கத்தி மாதிரி நீளத் துண்டுகளாக உடையும். வழுக்கும் ஈரத் தரையில், செருப்பில்லாத காலோடு நிற்கும் இடத்தில் இது உயிர் விஷயம். உங்களைக் கூப்பிட்டது இதற்காக இல்லை என்றாலும் பார்த்த பிறகு சொல்லாமல் வரக் கூடாது.

அளவு எடுப்பது

தவறு நடப்பது பெரும்பாலும் கண்ணாடியின் தடிமனில்தான். ஷவர் கதவுகள் 6, 8, 10, 12 எம்எம் தடிமனில் வருகின்றன. 8-ம் 10-ம்தான் அதிகம் கண்ணில் படும். இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். 8 எம்எம் கண்ணாடிக்கு 10 எம்எம் பீடிங் போட்டால் லூசாக நின்று, நாலு தடவை கதவைத் திறந்து மூடியதும் நழுவி விழும். 10 எம்எம் கண்ணாடியில் 8 எம்எம் பீடிங்கைத் திணித்தால் வாய் விரிந்து, சில வாரத்தில் வெடிப்பு விடும்.

பீடிங்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதன் வேலை புரியும். மேலே கண்ணாடியைக் கவ்வும் வாய். கீழே தரையைத் தொடும் மெல்லிய நாக்கு. சில வகைகளில் இவை போக, பக்கவாட்டில் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பும் உண்டு. கண்ணாடியில் வழிந்து வரும் தண்ணீரைக் குளிக்கும் பக்கமே தள்ளிவிடுவது இந்தச் சாய்விளிம்புதான். ஆகவே அது உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்து மாட்டிவிட்டு, "புதுசு போட்டும் ஒழுகுது" என்று தவிக்கும் கதவுகள் நிறைய உண்டு. இரண்டு பக்கமும் திறக்கும் கதவாக இருந்தால் சாய்விளிம்பு இடிக்குமா என்று பார்த்து, இடித்தால் வெறும் நாக்கு மட்டும் உள்ள வகையை எடுங்கள்.

நாக்கின் நீளம் இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். தரையை லேசாக வருடினால் போதும். நீளமாக இருந்தால் நல்லது என்று நினைத்து வாங்கினால், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாக்கு மடங்கி, பீடிங்கையே கீழே இழுத்துவிடும். நாக்கு கொஞ்சம் நீளம் என்றால் கூர்மையான கத்தரியால் நறுக்கிக்கொள்ளலாம். குட்டையாக இருந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் சந்தேகம் வந்தால் ஒரு அளவு நீளமானதை வாங்கி வெட்டுங்கள்.

அகலத்தைக் கதவின் அடியில் அளக்க வேண்டும், நடுவில் அல்ல. பழைய பீடிங்கின் முனையிலிருந்து இரண்டங்குலத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் ஸ்டோர்ஸுக்கு இன்டென்ட் எழுதும்போது அந்தத் துண்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். "ஷவர் டோர் சீல், 1 எண்" என்று மட்டும் எழுதினால் ஸ்டோர்ஸ்காரருக்கு ஒன்றும் புரியாது. ஏதோ ஒன்று வந்து சேரும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ஹார்டுவேர் கடைகளில் வாங்குவதானாலும் துண்டைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

மாட்டுவது

ஹோட்டல் அறை என்றால் நேரம் உங்கள் கையில் இல்லை. விருந்தினர் காலி செய்ததற்கும் அடுத்தவர் வருவதற்கும் இடையில் கிடைக்கும் சில மணி நேரம்தான் உங்களுக்கு. அதில் ஹவுஸ்கீப்பிங்குக்கும் பங்கு உண்டு. அவர்கள் தரையைக் கழுவும் முன்பே உங்கள் வேலை முடிய வேண்டும். ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கதவைக் கழற்ற வேண்டியதில்லை. முழுதாகத் திறந்து, கண்ணாடியின் அடி விளிம்பு கதவடித் திட்டைத் தாண்டி வெளியே வரட்டும். தானாக மூடும் கீல் என்றால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவுக்கு அடியில் தடித்த அட்டை போடுங்கள். காலில் ஷூ, கையில் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. பழைய பீடிங்கை ஒரு முனையில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் பெரும்பாலும் உரிந்து வரும். வராவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள், இளகும். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்ப வேண்டாம். டஃபன்ட் கிளாஸ் நடுவில் அடி தாங்கும். விளிம்பிலும் மூலையிலும் அதற்குப் பலம் குறைவு. மூலையில் இரும்பு லேசாகத் தட்டினாலே போதும், கதவு முழுதும் ஒரே நொடியில் உதிர்ந்துவிடும். டஃபன்ட் செய்த கண்ணாடியை வெட்டவோ ஒட்டவோ முடியாது. புதுக் கதவுதான். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

பீடிங் போன பிறகு கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். போர் தண்ணீர் உள்ள கட்டடங்களில் இது கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் புது பீடிங்கின் வாய் சரியாகக் கவ்வாது. வினிகரில் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். கதவடித் திட்டு மார்பிள் என்றால் வினிகர் அதன்மேல் சொட்டக் கூடாது, பளபளப்பை அரித்துவிடும். பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். கீலின் குரோம் பூச்சைக் கறுக்க வைப்பதும் பீடிங்கைக் கெடுப்பதும் அதுதான்.

புது பீடிங்கைக் கண்ணாடியின் அகலத்துக்கு ஒட்டினாற்போல் வெட்டுங்கள். மெல்லிய வகையைக் கத்தரியாலும், கெட்டியான வகையை நுண்பல் ஹேக்ஸா பிளேடாலும் வெட்டலாம். வெட்டிய முனையில் பிசிறை உப்புத்தாளால் எடுத்துவிடுங்கள். வாயின் உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு முனையில் தொடங்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே மறுமுனைக்குப் போங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டாம்; சோப்பு காய்ந்துவிடும், எண்ணெய் நழுவவைத்துக்கொண்டே இருக்கும்.

மூலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவழியுங்கள். அடி பீடிங்கும் கதவின் செங்குத்துப் பட்டையும் சந்திக்கும் இடத்தில் ஒரு எம்எம் விட்டாலும் தண்ணீர் அங்கேதான் கசியும். இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏறி மடங்கவும் கூடாது. கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். உரசும் சத்தம் ஒரே மாதிரி கேட்டால் சரி. ஒரு இடத்தில் மட்டும் இழுத்தால் அங்கே நாக்கை ஒரு இழை நறுக்குங்கள். பிறகு முதலில் செய்த அதே தண்ணீர்ச் சோதனையைத் திரும்பவும் செய்து, வீட்டுக்காரரையோ சூப்பர்வைசரையோ அருகில் நிறுத்திக் காட்டுங்கள்.

பீடிங் நிற்கவில்லை என்று சிலிக்கான் வைத்து ஒட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். நிற்கவில்லை என்றால் அளவு தவறு என்றுதான் அர்த்தம். சிலிக்கான் தேவைப்படுவது அசையாத கண்ணாடியின் அடியில். அங்கேயும் காயும்போது வினிகர் வாடை வரும் வகை உலோகத்தையும் மார்பிளையும் பாதிக்கும். நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும்.

பேச்சும் பில்லும்

வீட்டில் இப்படித்தான் கேட்பார்கள்: "போன வருஷம்தானே தம்பி மாத்தினோம், அதுக்குள்ள மஞ்சளாயிடுச்சே?" முன்னால் வந்தவரைக் குறை சொல்லிப் பேர் வாங்கப் பார்க்க வேண்டாம். "இது தேயற பொருள்தாங்கம்மா. சூடும் உப்புத் தண்ணியும் பட்டா கெட்டியாகி மஞ்சளாகும். ஆசிட் ஊத்தினா இன்னும் சீக்கிரம் போயிடும். குளிச்சதும் ஒரு வைப்பரால கண்ணாடியத் துடைச்சு விட்டீங்கன்னா ரொம்ப நாள் வரும்" என்று சொன்னால் அவர்களுக்கு விஷயமும் புரியும், உங்கள் மேல் நம்பிக்கையும் வரும்.

தனியாக வேலை எடுப்பவர்கள், வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, பொருளுக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று மூன்றையும் பிரித்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். பொருளுக்குக் கடை பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். போய்ப் பார்த்ததில் உப்பைச் சுத்தம் செய்தாலே போதும் என்று தெரிந்தால், சுத்தம் செய்து, வந்து பார்த்த கூலியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதே கட்டடத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கதவு இருக்கிறது.

ஹோட்டலில் இருப்பவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். அறை எண், கண்ணாடித் தடிமன், மூன்று இடத்து இடைவெளி, கதவு திறக்கும் பக்கம், போட்ட பீடிங்கின் வகை, தேதி. எல்லா அறையிலும் ஒரே கதவு என்றாலும் தரை ஒரே மாதிரி இருக்காது. இடைவெளி அறைக்கு அறை மாறும். ஐடிஐ-யில் ஓராண்டு பிளம்பர் பிரிவு முடித்தவரோ, 1961-ம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியில் இருப்பவரோ, மல்டி ஸ்கில் டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல் போகும்போது இந்த நோட்டைக் கையில் எடுத்துப் போகலாம். என்ன வேலை தெரியும் என்று கேட்டால் வாயால் சொல்வதைவிட, சொந்தக் கையெழுத்தில் இருக்கும் அளவுகள் அதிகம் பேசும். முந்தைய நிறுவனத்தின் பெயரும் விருந்தினர் விவரமும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய பீடிங்கை அறையின் குப்பைக்கூடையில் போடாமல் நீங்களே எடுத்துப் போங்கள். தரையில் விழுந்த பிளாஸ்டிக் பிசிறுகளையும் பொறுக்கிவிடுங்கள். வடிகாலில் போனால் அடுத்த கம்ப்ளெயின்ட் அதுவாகத்தான் இருக்கும்.