குதிரைத்திறன் எவ்வளவு வேண்டும்?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

கார் என்பது ஒரு காலத்தில் செல்வர் வீட்டு வாசலில் மட்டுமே நின்ற பொருள். இன்று நடுத்தரக் குடும்பத்தினரும் தவணை முறையிலோ, பழைய வண்டியாகவோ அதனை வாங்குகின்றனர். அவ்வாறு வாங்கச் செல்வோர் முன் ஒரு கேள்வி எழுகிறது. ஒரே எஞ்சின் குறைந்த குதிரைத்திறனிலும் கூடிய குதிரைத்திறனிலும் கிடைக்கும்போது எதனைத் தேர்ந்தெடுப்பது? 'திறன் குறைந்தால் மலை ஏறாது. முந்திச் செல்ல முடியாது' என்றஞ்சிக் கடன் தொகையைக் கூட்டிக்கொள்வோர் பலர். இவ்வச்சத்தில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதை, நாம் வகுப்பில் படித்த இயக்கவியலைக் கொண்டே காண்போம்.

திறனும் திருப்புவிசையும்

75 கிலோகிராம் எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறனே ஒரு மெட்ரிக் குதிரைத்திறன். இது 735.5 வாட்டுக்குச் சமம். எஞ்சினின் தண்டைச் சுழற்றும் விசையின் அளவு திருப்புவிசை எனப்படும். திருப்புவிசையைக் கோணத் திசைவேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். எனவே விளம்பரத்தில் காணும் குதிரைத்திறன், எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டுமே கிடைப்பது. அதற்குக் கீழே சுழலும்போது அத்திறன் நமக்குக் கிடைப்பதில்லை. இதனை மறப்பதால்தான் குழப்பம் நேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1248 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சினை மாருதி நிறுவனமும் தன் கார்களில் பொருத்தியது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி மாருதி அதனைக் கைவிட்டது. எனினும் பழைய வண்டிச் சந்தையில் அவ்வெஞ்சின் கொண்ட கார்கள் இன்றும் கைமாறுகின்றன. ஸ்விஃப்டில் அது 75 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையும் தந்தது. எர்டிகாவில் 90 குதிரைத்திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தந்தது. பின்னதில் இருந்த டர்போவின் இதழ்கள் தேவைக்கேற்பத் திரும்பக் கூடியவை. முன்னதில் அந்த வசதி இல்லை.

இரண்டிலும் உச்சத்திறன் கிடைப்பது நிமிடத்திற்கு 4000 சுழற்சியில். அங்கே வேறுபாடு 20 விழுக்காடு. ஆனால் நாம் வழக்கமாக ஓட்டும் 2000 சுழற்சியில் கணக்கிட்டால், முன்னது தருவது ஏறத்தாழ 54 குதிரைத்திறன், பின்னது 57. அதாவது, கூடுதலாக விலை கொடுத்துப் பெற்ற 15 குதிரைகளில் 12 குதிரைகள் இலாயத்திலேயே உறங்குகின்றன!

சாலை கேட்பது எவ்வளவு?

இவ்விரு கார்களின் எடை வேறு வேறு. ஒப்பீட்டிற்காக, ஆட்களும் சுமையும் சேர்த்து 1500 கிலோகிராம் உள்ள ஒரே வண்டியில் இரு எஞ்சின்களையும் மாறி மாறிப் பொருத்துவதாகக் கொள்வோம். காற்றின் தடைக்கும் டயர்களின் உருளும் தடைக்கும் சிறிய கார்களுக்குப் பொருந்தும் அளவுகளை எடுத்துக்கொண்டால், சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 13 குதிரைத்திறனே போதும். 120 கிலோமீட்டருக்கு 31 வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் மூன்று மடங்குக்கும் மேலாகிறது என்பதே காரணம்.

இனி மலை. 12 அடிக்கு ஓரடி ஏறும் சாலையை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் பற்சக்கர ரயில் பாதையின் சரிவும் ஏறத்தாழ இவ்வளவே. அதில் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 20 குதிரைத்திறன் போதும். ஆகவே 75 குதிரைத்திறன் வண்டி மலை ஏறாது என்பது வீண் அச்சமே.

முந்திச் செல்லும்போது

உண்மையான சோதனை இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போதுதான் வருகிறது. அங்கே பணம் அன்று, உயிரே பணயம். 60 கிலோமீட்டரிலிருந்து 80 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்ட நம் வண்டிக்குத் தேவையான கூடுதல் இயக்க ஆற்றல் 162 கிலோஜூல். எஞ்சின் திறனில் பத்தில் ஒரு பங்கு கியர்களில் வீணாகிறது என்று கொண்டு, சாலைத் தடைக்கான திறனையும் கழித்துவிட்டால் கிடைக்கும் விடைகள் இவை:

கியரை மாற்றாமல், சராசரியாக 2000 சுழற்சியில்: 75 குதிரைத்திறன் வண்டிக்கு 5.7 விநாடி, 90க்கு 5.3 விநாடி.

கியரைக் குறைத்து, உச்சத்திறனை ஒட்டிய சுழற்சியில்: 75க்கு 3.9 விநாடி; 90க்கு 3.1 விநாடி.

இவ்விடைகள் தோராயமானவை, சாலையில் சற்று மாறும். ஆயினும் அவை கூறும் பாடம் தெளிவு. கியரைக் குறைத்து ஓட்டும் 75 குதிரைத்திறன் வண்டி, கியரை மாற்றாத 90 குதிரைத்திறன் வண்டியை விட விரைவாக முந்துகிறது. விலை கொடுத்துப் பெறும் திறனைக் காட்டிலும், இருக்கும் திறனை எழுப்பத் தெரிந்த கை பெரிது. அவ்வாறே, வேகம் கூடிய பின் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தின் இருமடியில் வளர்கிறது. அதற்கு எந்தக் குதிரைத்திறனும் உதவாது.

மறுபக்கம்

எல்லா எஞ்சின்களும் இவ்வாறே என்று கருதிவிடக் கூடாது. 2023இல் வெளிவந்த மாருதி ஃபிராங்க்ஸ் காரைப் பாருங்கள். அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 90 குதிரைத்திறனும் 113 நியூட்டன் மீட்டரும் தந்தது. 1 லிட்டர் டர்போ எஞ்சின் 100 குதிரைத்திறனும் ஏறத்தாழ 148 நியூட்டன் மீட்டரும் தந்தது. குதிரைத்திறனில் வேறுபாடு 11 விழுக்காடு. திருப்புவிசையிலோ 31 விழுக்காடு! அந்த உச்சத் திருப்புவிசையும் 2000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது. இங்கே கூடுதல் விலைக்குரிய பயனை அன்றாட ஓட்டத்திலேயே உணரலாம்.

முடிவுரை

கார் வாங்குவோர் முதலில் குதிரைத்திறனைக் கேட்கின்றனர். அதனினும் முதலாகக் கேட்க வேண்டியது, 'திருப்புவிசை எவ்வளவு, எத்தனைச் சுழற்சியில்?' என்பதே. இரு வகைகளும் தாழ்ந்த சுழற்சியில் ஏறத்தாழ ஒன்றாயிருந்து, ஊருக்குள்ளும் 80 கிலோமீட்டர் வேகத்திற்குள்ளும் ஓட்டுவதே வழக்கமானால், குறைந்த திறனே போதும். மிஞ்சும் பணத்தை நல்ல டயர்களுக்குச் செலவிடலாம். முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் நாள்தோறும் விரைவோர்க்குக் கூடிய திறன் வீணாகாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. அந்த விரலின் அளவைக் கணக்கிட்டுக் காட்ட, நாம் படிக்கும் இயற்பியல் துணை நிற்கிறது.