அறியாததை அறிந்ததாகச் சொல்லாமை

பஞ்சசீலத்தை நாள்தோறும் ஓதிவரும் நாம், நான்காவது சீலத்தைப் 'பொய் சொல்லாமை' என்ற அளவிலேயே பொருள் கொண்டு நிறுத்திவிடுகிறோம். தெரிந்தே பொய் புகல்வது மட்டுமே அச்சீலத்துக்கு மாறானது என்றும், உறுதியாகத் தெரியாத ஒன்றை உறுதிபோலச் சொல்வது சிறு குறையே என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பகவான் புத்தர் சாலை என்னும் ஊரின் இல்லறத்தாருக்குப் பொய்யின் இலக்கணத்தை விளக்கிய முறை இவ்வெண்ணத்தை மாற்றுவது. சாட்சியாக அழைக்கப்பட்டவன் அறியாமலே அறிவேன் என்பதும், அறிந்திருந்தும் அறியேன் என்பதும் அவ்வுபதேசத்தில் ஒரே தராசில் வைக்கப்படுகின்றன. ஆகவே இச்சீலத்துக்கு இரு பக்கங்கள் உண்டு. அறியாததை அறிந்ததாகச் சொல்லாதிருத்தல் ஒன்று. அறிந்ததை மறையாதிருத்தல் மற்றொன்று.

பெருந்துயரம் ஒன்று நேரும்போது ஊரெல்லாம் சாட்சியாகிவிடுகிறது. அழைக்காமலே ஒவ்வொருவரும் சாட்சி கூற முற்படுகின்றனர். அத்தகைய நேரத்தில் இச்சீலத்தை எவ்வாறு காப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

சுந்தரியின் வரலாறு

இவ்வகைத் துன்பம் புத்த சங்கத்துக்கே நேர்ந்ததுண்டு. பகவான் சாவத்தி நகரத்து ஜேதவனத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில், அவருடைய புகழைப் பொறாத பிறமதத் துறவிகள் சிலர், தம் கூட்டத்தைச் சேர்ந்த சுந்தரி என்னும் பெண்ணை ஜேதவனத்துக்கு அடிக்கடி சென்றுவரத் தூண்டினர். பலரும் அவளை அங்குக் கண்ட பின்னர் அவளைக் கொன்று, உடலை ஜேதவனத்து அகழிக் குழியில் புதைத்தனர். பிறகு பசேனதி மன்னனிடம் சென்று அவளைக் காணவில்லை என முறையிட்டுத் தேடினர். தாமே புதைத்த உடலைத் தாமே எடுத்து, வீதி வீதியாகச் சுமந்து சென்று, 'பாருங்கள் சாக்கியபுத்திரர்களின் செயலை' என்று கூவினர்.

நகர மக்கள் ஆராயவில்லை. சுந்தரி ஜேதவனத்துக்குச் சென்றதைக் கண்டிருந்தனர். உடல் ஜேதவனத்தில் கிடைத்ததையும் கண்டனர். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தைத் தம் மனத்தாலே நிரப்பிக்கொண்டு, பிச்சைக்குச் சென்ற பிக்குகளை வைது துரத்தினர். இச்செய்தியைக் கேட்ட பகவான், பழிக்குப் பழி சொல்லவில்லை. இவ்வொலி ஏழு நாள் மட்டுமே நிற்கும் என்று கூறி அமைதி காத்தார். அவ்வாறே அது அடங்கியது. கொலைஞர்கள் கள்ளுண்டு தம்முள் சண்டையிட்டபோது உண்மை வெளிப்பட்டதாக உரைகாரர் கூறுவர்.

இவ்வரலாற்றில் பொய்யைத் தொடங்கியவர் சிலரே. அதைப் பரப்பியவர்களோ, தாம் பொய் சொல்வதாக எண்ணாத நல்ல மக்கள்.

வர்ஜீனியாவில் நிகழ்ந்தது

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இனிக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில், பிளாக்ஸ்பர்க் என்னும் ஊரில் 'வர்ஜீனியா டெக்' எனப்படும் பெரிய பல்கலைக் கழகம் உள்ளது. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் காலை ஏழேகால் மணியளவில், அங்குள்ள மாணவர் விடுதியில் ஒரு மாணவியும் ஒரு மாணவரும் சுடப்பட்டு மாண்டனர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து, நாரிஸ் மண்டபம் என்னும் வகுப்புக் கட்டிடத்தின் வாயிற் கதவுகளைச் சங்கிலியால் பூட்டிவிட்டு, அதே கொலையாளி வகுப்பு வகுப்பாகச் சென்று சுட்டான். அங்கு 30 பேர் மடிந்தனர். இறந்தோர் மொத்தம் 32 பேர். அவருள் 27 பேர் மாணவர், 5 பேர் ஆசிரியர். இறுதியில் அவன் தன்னையும் சுட்டுக்கொண்டான். அவன் அப்பல்கலைக் கழகத்திலேயே பயின்ற மாணவன்.

மாண்ட ஆசிரியருள் ஒருவர் நம் தமிழகத்தவர். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்த ஜி. வி. லோகநாதன் அவர்கள், நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது தம் மாணவர் பலருடன் உயிர் நீத்தார். மற்றொருவர் ருமேனியாவில் பிறந்த யூதரான லிவியு லிப்ரெஸ்கு. இளமையில் நாஜிக் கொடுமைக்குத் தப்பியவரும், அன்று 76 வயதினருமான அவர், மாணவர்கள் சன்னல் வழியே குதித்துத் தப்பும்வரை கதவை உடலால் தடுத்து நின்று மாண்டார். இவை ஊகத்தால் அறியப்பட்டவை அல்ல. உயிர் தப்பியவர் கண்டு கூறியவை.

ஊகங்கள் எழுந்த விதம்

முதல் ஊகம் கொலைகள் முடியுமுன்பே பிறந்துவிட்டது. விடுதியில் மாண்ட பெண்ணின் தோழியை விசாரித்த காவலர், அப்பெண்ணுக்கு ஒரு காதலர் உண்டு என்றும், அவரிடம் துப்பாக்கி உண்டு என்றும் அறிந்தனர். இது காதற் பிணக்கால் நேர்ந்த கொலை என்னும் எண்ணம் உடனே வலுப்பட்டது. அவ்விளைஞரைத் தேடிப் பிடித்து வழியில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கும்போதே நாரிஸ் மண்டபத்தின் வெடியோசை பற்றிய செய்தி வந்தது. அவர் ஒரு குற்றமும் அறியாதவர். அன்புக்குரியவளை இழந்த துயரத்தோடு கொலைப் பழியையும் சுமக்க நேர்ந்தவர். பல்கலைக் கழகம் தன் முதல் அறிவிப்பை 9 மணி 26 நிமிடத்துக்கே அனுப்பியது. மாநில ஆளுநர் டிம் கெய்ன் அமைத்த ஆய்வுக் குழு, முதலில் கிடைத்த துப்பே சரியான துப்பு என்று காவலர் முன்னதாகவே முடிவு செய்தது பிழையாயிருக்கலாம் எனப் பின்னர் எழுதியது. காவலர்மீது பழி சுமத்துவதற்காக இதைக் கூறவில்லை. தொழிலால் ஆராய்பவர்க்கே ஊகம் இவ்வாறு கண்ணை மறைக்குமாயின், தெருவில் நின்று பேசும் நமக்கு எவ்வளவு மறைக்கும் என்பதை உணரவே கூறுகிறோம்.

இரண்டாவது ஊகம், கொலையாளி ஷாங்காயிலிருந்து வந்த சீன மாணவன் என்பது. சிக்காகோ நகரத்துப் பத்திரிகைப் பத்தி ஒன்றில் இச்செய்தி வெளிவந்து, பிற நாடுகளுக்கும் பரவியது. அது முற்றிலும் தவறு. துப்பாக்கிகளுடன் தன் படங்களை வெளியிட்டிருந்த ஆசிய வழி மாணவர் ஒருவரையும் கொலையாளி என்று பலர் முடிவு கட்டினர். அவரும் குற்றமற்றவர்.

மூன்றாவது ஊகம், வன்முறை நிறைந்த கணிப்பொறி விளையாட்டுகளே அவனைக் கொலைஞனாக்கின என்பது. பெயர் தெரியுமுன்பே சிலர் தொலைக்காட்சியில் தோன்றி இதனை உறுதிபடக் கூறினர். அவனுடன் ஒரே இருப்பிடத்தில் வாழ்ந்தவர்களோ அவன் அவ்வகை விளையாட்டில் ஈடுபட்டதைக் கண்டதில்லை.

நான்காவது ஊகம் இனத்தைப் பற்றியது. கொலையாளி தென்கொரியாவில் பிறந்து, 1992ஆம் ஆண்டில் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவன் என்று தெரிந்ததும், அமெரிக்காவில் வாழும் கொரிய மக்கள் தம்மீது பழி விழுமோ என அஞ்சினர். ஒருவன் செய்ததற்கு ஓர் இனமே நாணித் தலைகுனிய நேர்ந்தது. பிறப்பைக் கொண்டு மாந்தரை மதிப்பிடும் கொடுமை எத்தகையது என்பதை, தலைமுறை தலைமுறையாக அதனைச் சுமந்து, பின் தம்மத்தைச் சரணடைந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிறர்மீது அவ்வளவுகோல் நீளும்போது நாமும் கைகோத்து நிற்பது தகுமோ?

அளவையால் ஆராய்தல்

இவ்வூகங்களைப் பௌத்த அளவை நூல் முறையால் ஆராய்ந்து பார்ப்போம். மணிமேகலையில் அறவண அடிகள், குற்றமற்ற அளவைகள் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே என்று போதிக்கிறார். கருத்தாவது, புகையைக் கண்டு நெருப்பை உணர்வது போல, பிரியாத் தொடர்புடைய ஏதுவைக் கொண்டு அறிவது. ஏது பழுதுபட்டால் அது ஏதுவன்று, ஏதுப் போலி. அப்போலிகளில் அசித்தம், அநைகாந்திகம் என்னும் இரண்டும் இங்கு நமக்கு வேண்டியவை.

ஏதுவே இல்லாத இடத்தில் இருப்பதாகக் கொள்வது அசித்தம். மலையில் எழுந்தது பனியாயிருக்க, அதனைப் புகையென்று கொண்டு நெருப்பைச் சாதிப்பது போன்றது அது. அவன் விளையாட்டில் மூழ்கியவன், ஆகவே கொலைஞன் ஆனான் என்ற வாதம் இவ்வகையைச் சேர்ந்தது. அவன் அதில் மூழ்கியிருந்தான் என்பதே நிறுவப்படவில்லை.

ஏது உண்மையாயிருந்தும், சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்பட்டால் அது அநைகாந்திகம். அவ்விளைஞரிடம் துப்பாக்கி இருந்தது உண்மை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்போர் அந்நாட்டில் கோடிக்கணக்கானோர். அவருள் கொலை செய்யாதவரே மிகப் பலர். அவ்வேது ஒருவரைக் குற்றவாளி என்று காட்ட வல்லதன்று. இன்னாரை விசாரிக்கலாம் என்பதற்கு அது காரணமாகலாம். இன்னாரே குற்றவாளி என்பதற்குக் காரணமாகாது. விசாரணைக்கும் முடிவுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்க.

ஷாங்காய் மாணவன் பற்றிய செய்தியோ காட்சியுமன்று, கருத்துமன்று. கேட்டதைக் கேட்டபடி சொன்னதே. பிறர் சொல்லக் கேட்டோம் என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டாம் என்று காலாமர்களுக்குப் பகவான் கூறிய அறிவுரை இங்கு நேராகப் பொருந்தும். அவ்வறிவுரை வெறும் தருக்கத்தையும் சேர்த்தே விலக்குகிறது என்பதை மறவாதீர்கள். அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது.

மெய்யான ஆய்வு தந்த பயன்

ஆய்வுக் குழுவினர் இருநூற்றுக்கு மேற்பட்டோரை விசாரித்து, 2007 ஆகஸ்டில் அறிக்கை அளித்தனர். அவர்கள் கண்டது எவரும் தொலைக்காட்சியில் ஊகித்ததன்று. அம்மாணவனின் மனநோய் பற்றி ஆசிரியர், காவலர், மருத்துவ நிலையத்தார் எனப் பலரும் தத்தம் அளவில் அறிந்திருந்தனர். ஆசிரியர் சிலர் எச்சரித்தும் இருந்தனர். ஆயினும் மாணவர் பற்றிய செய்திகளைப் பகிரச் சட்டம் தடுக்கிறது என்ற தவறான எண்ணத்தால், அறிந்தவை துண்டு துண்டாகவே கிடந்தன. 2005 டிசம்பரில் நீதியதிகாரி ஒருவர், அவன் தனக்கே தீங்கு செய்துகொள்ளக் கூடியவன் எனக் கண்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுமாறு ஆணையிட்டிருந்தார். மத்தியச் சட்டப்படி அவன் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவன். ஆனால் அவ்வகை ஆணைகளைத் துப்பாக்கி விற்பனைச் சோதனைக்குரிய பட்டியலில் சேர்க்கும் வழக்கம் வர்ஜீனியாவில் இல்லை. ஆகவே கடையில் முறைப்படியே வாங்கினான். இக்குறை வெளிப்பட்டதும் ஆளுநர் 2007 ஏப்ரல் 30ஆம் நாள் ஆணை பிறப்பித்து அதனை அடைத்தார். 2008 ஜனவரியில் நாடு முழுவதற்கும் இப்பட்டியலைச் சீர்செய்யும் சட்டமும் வந்தது.

சீலத்தின் இரு பக்கங்களும் இங்கு விளங்குகின்றன. அறியாதவர் அறிந்தவர்போல் உரத்துப் பேசினர். அறிந்தவரின் சொல்லோ சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை. முன்னதால் குற்றமற்றோர் புண்பட்டனர். பின்னதால் காத்திருக்கக் கூடிய உயிர்கள் காக்கப்படாமற் போயின.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. இவ்வளவு ஆராய்ந்தும், விடுதியில் முதலில் மாண்ட இருவரை அவன் ஏன் தேர்ந்தான் என்பது விளங்கவில்லை. ஆய்வுக் குழுவினர் அதனை விளங்காததாகவே விட்டனர், கதை புனையவில்லை.

பயிற்சி முறை

துயரச் செய்தி கேட்டவுடன் நம் உள்ளத்தில் எழும் 'ஏன்' என்னும் கேள்வி இயல்பானது. அதற்கு உடனே விடை வேண்டும் என்னும் தவிப்போ, உண்மையின்மேல் கொண்ட பற்றன்று. அறியாமையைப் பொறுக்க மாட்டாத வேட்கையே ஆகும். காரணம் தெரிந்துவிட்டால் அச்சம் தணியும் என்று மனம் எண்ணுகிறது. அவ்வேட்கையை வேட்கை என்று கண்டுகொள்வதே முதற் பயிற்சி.

இரண்டாவது, சொல்லுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல்: இது உண்மையா? இதனால் யாருக்கேனும் நன்மை உண்டா? இதைச் சொல்ல இது தக்க காலமா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை வந்தாலன்றி வாய் திறவாதிருப்பது நலம்.

மூன்றாவது, சத்தியத்தைக் காத்தல். பகவான் சங்கி என்னும் அந்தணர் முன்னிலையில் போதித்தது இது. ஒருவர் தம் நம்பிக்கையை 'இது என் நம்பிக்கை' என்று கூறலாம்; 'இதுவே உண்மை, பிற பொய்' என்று முடிவு கட்டலாகாது. ஆனால் 'எனக்குத் தோன்றுகிறது' என்ற சொல்லைப் போர்வையாக்கி, பிறர் பெயரைக் கெடுக்கும் செய்தியைப் பத்துப் பேரிடம் சொல்பவர் சத்தியத்தைக் காத்தவர் ஆகார். பிசுணமும் வீண்பேச்சும் விளைத்தவரே ஆவர்.

நான்காவது, மெய்யாகவே அறிந்தது ஏதேனும் இருந்தால், அதனை உரியவரிடம் தயங்காமல் உரைத்தல். நம் வீதியில், நம் பள்ளியில், தன்னுள்ளே ஒடுங்கி வருந்தும் இளைஞன் ஒருவனை நாம் அறிவோமாயின், அவனைப் பற்றிப் பலரிடம் பேசுவதை விட்டு, அவனிடமே அன்போடு பேசுதலும், உதவ வல்லவரிடம் அவனைச் சேர்த்தலும் கடமையாகும்.

ஐந்தாவது, இறந்தோரை நினைத்தல். கொலையாளியைப் பற்றிய ஊகத்தில் கழியும் நாழிகையை, மாண்டவர்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் மைத்திரி பாவனை செய்வதில் செலவிடுவோமாக.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சாவத்தி நகர மக்கள் கண்டவை யாவை? அவர்கள் ஊகித்தவை யாவை?

2. ஒருவரை விசாரிப்பதற்கும், குற்றவாளி என முடிவு கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அநைகாந்திகம் என்னும் போலியைக் கொண்டு விளக்குக.

3. அறிந்ததைச் சொல்லாமையும் நான்காம் சீலத்துக்கு மாறாவது எவ்வாறு?

4. சென்ற மாதத்தில் நீங்கள் கேட்டுப் பிறரிடம் சொன்ன செய்தி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது காட்சியா, கருத்தா, வெறும் கேள்வியா?