குடோன் வேலியின் பழைய இரும்புக் கம்பங்களை அகற்றும் முறை

ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியபாளையம், திருவள்ளூர், சத்தியவேடு, நாகலாபுரம் என்று பிரியும் சாலைகளில் நம் வணிகர்கள் குடோனுக்கென்று மனை வாங்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுச்சுவர் எழுப்ப அப்போது கையில் பணமிராது. இரும்பு ஆங்கில் நட்டு, நான்கு வரிசை முள்கம்பி இழுத்துக் கட்டி விடுவோம். இன்று சுவர் கட்டவோ, லாரி திரும்ப இடம் ஒதுக்கவோ அந்தக் கம்பங்களை எடுக்க வேண்டியிருக்கிறது. "இரண்டு ஆளைக் கூப்பிட்டால் ஒரு நாள் வேலை, இரும்பை விற்றால் கூலி வந்துவிடும்" என்று நாம் இதைச் சுலபமாக நினைத்து விடுகிறோம். ஆனால் மண்ணில் நிற்கும் வேலிக் கம்பம் வெறும் பழைய இரும்பு அல்ல. நம் நிலம் எங்கே முடிகிறது என்பதற்கு அதுவே கண்ணால் காணும் சாட்சி. சாட்சியைப் பிடுங்கி எடைக்குப் போட்ட பிறகு, பக்கத்து மனைக்காரர் "வேலி இரண்டடி உங்கள் பக்கம் தள்ளித்தானே இருந்தது" என்றால் எதைக் காட்டிப் பேசுவது? ஆகவே கடப்பாரையை எடுக்குமுன் டேப்பை எடுக்க வேண்டும்.

முதலில் பட்டாவையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய வரைபடமானால் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கலாம். 100 லிங்க் ஒரு செயின். ஒரு செயின் 66 அடி. ஆகவே ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம். இதை மீட்டர் என்றோ அடி என்றோ எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். வேலி இருக்கும் இடமும் வரைபட எல்லையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வேலி போட்ட காலத்தில் பாறையோ மரமோ குறுக்கே நின்றால் கம்பத்தை ஓரடி உள்ளே தள்ளி நட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் வட்டாட்சியர் அலுவலகம் மூலம் நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளந்து காட்டிய பிறகே வேலியில் கை வைப்பது நல்லது. இப்போது இணைய வழியிலும் விண்ணப்பிக்க வசதி இருக்கிறது.

வேலிக்கு வெளியே நாம் விட்டிருக்கும் துண்டு நிலத்தைப் பக்கத்துக்காரர் தமதென்று உரிமை கொண்டாடி 12 ஆண்டு தொடர்ந்து அனுபவித்து வந்தால், 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி எதிரிடை அனுபவ பாத்தியம் என்று வழக்காட அவருக்கு இடமுண்டு. நம் அனுமதியோடு அனுபவித்திருந்தால் அந்த வாதம் நிற்காது. எப்படியிருந்தாலும், இரவோடு இரவாகக் கம்பத்தைப் பிடுங்குவதால் அந்த விவகாரம் தீராது, வளரத்தான் செய்யும். பக்கத்துக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி, அவரை நிற்க வைத்துக்கொண்டு அளப்பதே நமக்குப் பாதுகாப்பு.

அளந்து வைக்க ஓர் எளிய வழி உண்டு. அசையாத இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். குடோனின் இரண்டு மூலைகள் போதும். வேலியின் ஒவ்வொரு முனைக் கம்பத்திற்கும், வேலி திரும்பும் ஒவ்வொரு இடத்திற்கும், அந்த இரண்டு மூலைகளிலிருந்தும் தனித்தனியே டேப் பிடித்து அளந்து எழுத வேண்டும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் அதே இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு டேப்பை நீட்டினால், அளவுகள் சந்திக்கும் புள்ளிதான் பழைய கம்பம் நின்ற இடம். இரண்டு மூலைகளும் கம்பமும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் புள்ளி சரியாக அமையாது. இடையில் உள்ள கம்பங்கள் நேர்கோட்டில் நிற்பதால் அவற்றை அளக்கத் தேவையில்லை. அளவுத் தாளில் தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, நான்கு பக்கமும் போட்டோ எடுத்து பத்திரத்தோடு வைத்துவிட வேண்டும்.

வேலி ஓரத்தில் சர்வே கல்லோ, நெடுஞ்சாலைத் துறையின் எல்லைக் கல்லோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. நில அளவைக் குறியீடுகளைக் காத்து வரும் பொறுப்பு 1923ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி நிலத்துக்கு உரியவருக்கே உண்டு. அரசு நட்ட எல்லைக் கல்லை அப்புறப்படுத்துவது குற்றம். கூலியாட்களுக்கு இது தெரியாது. ஆகவே அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து முதலிலேயே அடையாளம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். குடோன் விளக்குக்கு ஒயரை வேலிக் கம்பத்தின் மேல் இழுத்துக் கட்டும் பழக்கம் நம்மிடம் அதிகம். ஒயரின் உறை கிழிந்திருந்தால் வேலி முழுவதும் மின்சாரம் பாயும். முந்திய நாளே எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். எர்த் கம்பி வேலியோடு சேர்ந்திருக்கிறதா, தரைக்கடியில் கேபிள் போகிறதா என்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் கம்பி சம்பந்தப்பட்டதென்றால் அவர்களிடம் சொல்லாமல் நாம் கை வைக்கலாகாது.

முள்கம்பியைக் கழற்றிய பிறகே கம்பம். இழுவையோடு நிற்கும் முள்கம்பியைக் கட்டரால் வெட்டினால் அது சாட்டைபோல் சுருண்டு முகத்தில் அடிக்கும். வெட்டும் இடத்துக்கு இருபுறமும் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாகத் தளர்த்தி, சுருட்டிக்கொண்டே போக வேண்டும். தடித்த தோல் கையுறை இல்லாத ஆளை இதில் விடக் கூடாது.

இனி கம்பத்துக்கு வருவோம். பத்து இருபது ஆண்டு மண்ணில் நின்ற இரும்பு ஏன் அசைய மறுக்கிறது? இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. அந்தத் துரு சுற்றியுள்ள மண்ணைக் கவ்விக்கொண்டு ஒரே கட்டியாகிவிடுகிறது. மேலும், காற்றும் ஈரமும் சந்திக்கும் தரைமட்டத்தில்தான் துரு அதிகம் அரிக்கும். மேலே உறுதியாகத் தெரியும் கம்பம் அந்த இடத்தில் தகடு போல மெலிந்திருக்கும். ஆட்கள் இப்படியும் அப்படியும் வளைத்து ஆட்டும்போது கம்பம் அங்கே முறிகிறது. ஆளும் வேலை முடிந்ததென்று போய்விடுகிறான். அடிக்கட்டை மண்ணுக்குள் நிற்கிறது. மழையில் மண் கரைந்ததும் அதன் முனை தலையைக் காட்டும். அது லாரி டயரையும் விடாது, மூட்டை சுமப்பவர் காலையும் விடாது. எனவே கம்பத்தை வளைக்காமல் நேர் மேலே தூக்குவதுதான் இந்த வேலையின் முக்கிய விதி.

முந்திய மாலை ஒவ்வொரு கம்பத்தைச் சுற்றியும் பாத்தி கட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி ஊற விடுங்கள். களிமண்ணில் தண்ணீர் மட்டும் போதாது. ஈரக் களி கம்பத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மெல்லிய கம்பியைக் கம்பத்தை ஒட்டி நான்கு பக்கமும் அடித்து இழுத்தால் காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்கிப் பிடி தளரும். மறுநாள் காலை, தூக்குமுன், கம்பத்தின் தலையில் சம்மட்டியால் இரண்டு அடி கீழ்நோக்கிக் கொடுக்க வேண்டும். எடுக்க வேண்டியதை ஏன் இறக்க வேண்டும் என்று தோன்றும். துருவின் பிடியை உடைக்க அதுவே வழி. இந்த வேலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழை நின்ற பிறகு வரும் வாரங்கள் ஏற்றவை; சித்திரை வெயிலில் களிமண் செங்கல் போல இறுகிவிடும்.

ஆங்கிலில் சங்கிலி வழுக்கும். கம்பி கட்டுவதற்காகப் போட்ட துளைகளில் அடியில் உள்ளதில் ஒரு போல்ட்டைச் செருகி, அதற்குக் கீழே சங்கிலியை இரண்டு சுற்று சுற்றினால் நழுவாது. கம்பத்தின் பக்கத்தில் பலகை போட்டு, அதன் மேல் கருங்கல் வைத்து, 6 அடி கடப்பாரையின் நுனியைச் சங்கிலியில் கோர்த்து அழுத்த வேண்டும். கல் நுனியிலிருந்து 6 அங்குலத்தில் இருந்தால் மறுபுறம் 66 அங்குலம் மிஞ்சும். அதாவது 11 மடங்கு பலம். ஓர் ஆள் 30 கிலோ அழுத்தினால் கம்பத்தில் 330 கிலோ தூக்குவிசை கிடைக்கும். ஒரு அழுத்தத்திற்குக் கம்பம் இரண்டு மூன்று அங்குலம்தான் ஏறும். சங்கிலியை இறக்கிக் கட்டி மறுபடி அழுத்த வேண்டும். கடப்பாரைக்கு அசையாததை, குறுக்கே ஒரு சேனல் துண்டைக் கட்டி இருபுறமும் லாரி ஜாக்கி வைத்து ஒரே அளவாக ஏற்றினால் எடுத்துவிடலாம். அதற்கும் மசியவில்லை என்றால் அடியைப் பிளந்து இருபுறமும் வளைத்து நட்டிருப்பார்கள் என்று கொள்ள வேண்டும். அதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

முனைக் கம்பங்களுக்கு அடியில் கான்கிரீட் இருக்கும். ஓரடிக்கு ஓரடி, இரண்டடி ஆழம் என்றால் இரண்டு கன அடி; எடை சுமார் 135 கிலோ. நாம் விற்கும் 26 கிலோ அரிசி மூட்டை ஐந்தைச் சேர்த்துக் கட்டியதைவிடக் கனம், மண்ணின் பிடி வேறு. இதை நேரே தூக்க முயன்று இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கட்டியின் அடிவரை சரிவாகப் பள்ளம் தோண்டி, எதிர்ப் பக்கத்திலிருந்து நெம்பினால் கட்டி பள்ளத்தில் சாயும். பலகை மேல் இழுத்து வெளியே கொண்டு வந்து சம்மட்டியால் உடைத்துக்கொள்ளலாம்.

டிராக்டரில் சங்கிலி கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது நம் பக்கத்தில் வழக்கம். நாம் அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். கம்பம் தரைமட்டத்தில் முறியும். உயரத்தில் கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரம் மேலெழும்பும். சங்கிலி அறுந்தால் ஆள் பிழைப்பது அரிது. கட்டாயமானால் கம்பத்தை ஒட்டி ரிம்மோடு கூடிய பழைய லாரி சக்கரத்தை நிறுத்தி, சங்கிலியை அதன் மேலாகக் கொண்டுபோய் இழுத்தால் இழுவை மேல்நோக்கித் திரும்பும். சங்கிலியின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

கேஸ் வெல்டிங் வைத்து அறுப்பதைக் குடோன் ஓரத்தில் அனுமதிக்காதீர்கள். சாக்கு, எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். துத்தநாகப் பூச்சுள்ள கம்பத்தைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலையும் உண்டாக்கும்.

எடுத்த குழியை அன்றே மூட வேண்டும். கிராவலை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்துக்கொண்டே வர வேண்டும். மொத்தமாக மண்ணைக் கொட்டினால் லாரிச் சக்கரம் இறங்கிவிடும்.

எடைக்குப் போடுவதில் நாம் மற்றவர்களை விடக் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டும். தராசு நம் தொழில் அல்லவா? 50க்கு 50, 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கில் புதிதில் மீட்டருக்கு 4.5 கிலோ. 40க்கு 40, அதே கனம் என்றால் 3.5 கிலோ. 8 அடி என்பது 2.44 மீட்டர். எனவே முதல் வகைக் கம்பம் ஒன்று சுமார் 11 கிலோ. 60 கம்பம் 660 கிலோ. துரு தின்றதற்குக் கொஞ்சம் கழித்தாலும், காயலான் கடைக்காரர் 400 கிலோ என்று சொன்னால் ஏன் என்று கேட்க நமக்குக் கணக்கு இருக்கிறது. கான்கிரீட்டையும் மண்ணையும் நாமே தட்டிச் சுத்தம் செய்து கொடுத்தால் "மண்ணுக்குக் கழிவு" என்ற பேச்சுக்கு இடமில்லை. சில்லறை அளவை லாரி எடைமேடையில் போட வேண்டாம். முத்திரையிட்ட நம் பிளாட்பாரத் தராசிலேயே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரான, துரு ஏறாத கம்பங்களைத் தனியே ஒதுக்கினால் தோட்டக்காரர்கள் வேலிக்கென்று வாங்குவார்கள். பழைய இரும்பு விலையை விட அது கூடுதல். மற்றவை கைமாறிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்து உலைகளுக்குப் போய் உருகி, கட்டுமானக் கம்பியாகத் திரும்பி வரும்.

ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்கள் குடோன் வேலி இரும்பை விற்கும்போது பில் போட வேண்டும். இரும்புக் கழிவுக்கு வரி 18 சதவீதம். பதிவில்லாத வணிகர் பதிவுள்ள காயலான் கடைக்காரருக்கு விற்றால், 10-10-2024 முதல் வரியை வாங்குபவரே செலுத்த வேண்டும். அந்த வரியை நம் கிரயத்தில் பிடித்தம் செய்ய அவர் முயன்றால், விலை பேசும்போதே அதைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.