உப்பளத்து வீட்டு மளிகை: வாரச் செலவைக் குறைக்கும் குறிப்புகள்

மரக்காணத்தில் தை பிறந்து வெயில் ஏறினால் பாத்தி வேலை தொடங்கும். புரட்டாசி வரை உப்பு வாரலாம். ஐப்பசி மழை இறங்கியதும் பாத்தியெல்லாம் தண்ணீர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி நின்றுபோகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது இந்தக் கரையே வெள்ளக்காடானது. இப்படிப்பட்ட ஊரில் மளிகைச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள், ஒன்பது மாதக் கூலியில் பன்னிரண்டு மாதம் அடுப்பெரிய வேண்டும் என்பதிலிருந்துதான் கணக்குப் போட வேண்டும். கீழே உள்ள குறிப்புகள் அந்தக் கணக்கை மனதில் வைத்து எழுதியவை. குப்பத்து வீடுகளுக்கும் விவசாயக் கூலி வீடுகளுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. மளிகைச் சீட்டு எழுதுவதற்கு முன் ரேஷன் கடைக்குப் போய் வந்துவிடுங்கள். அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விற்கிறது. பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் தீர்ந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பி வருவதைவிட, சரக்கு இறங்கிய வாரமே யாராவது ஒருவர் போய் வாங்கிவிடுவது நல்லது. அந்த மாதம் வாங்காமல் விட்டது பொதுவாகப் போனதுதான். வாங்காத பொருளை வாங்கியதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தால் 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். தயங்க வேண்டாம், அது உங்கள் பங்கு.

2. ரேஷன் அரிசியில் சில மணிகள் மட்டும் வேறு நிறமாக இருக்கின்றன, தண்ணீரில் மிதக்கின்றன, பிளாஸ்டிக் அரிசி கலந்துவிட்டார்கள் என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து மணியாக்கி, நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் பெண்களுக்கு ரத்தசோகை வராமல் இருக்க அந்த ஒரு மணி தேவை. ஐந்தாறு முறை கழுவாமல் இரண்டு முறையோடு நிறுத்துங்கள். தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

புழுங்கல் அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு அரைத்தால் ரேஷன் அரிசியிலேயே இட்லி நன்றாக வரும். இட்லி அரிசி தனியாக வாங்கவே வேண்டாம்.

3. வருஷச் சாமானை மாசியிலிருந்து சித்திரைக்குள் பிடித்துவிடுங்கள். புதுப் புளி, புது மிளகாய், புது உளுந்து, மல்லாட்டை எல்லாம் விலை இறங்கி வருவது அப்போதுதான். உப்பளத்தில் கை நிறைய வேலை இருப்பதும் அப்போதுதான். உளுந்துக்கும் மல்லாட்டைக்கும் நம் விழுப்புரம் மாவட்டம் பேர்போனது, அறுவடை சமயத்தில் களத்திலேயே கேட்டு வாங்கலாம். மொத்தமாக முடியாவிட்டால் வாரம் ஒரு பொருள் என்று வையுங்கள்: இந்த வாரம் புளி, அடுத்த வாரம் மிளகாய். புளியைக் கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல் உப்பு தூவி உருண்டையாக்கி மண்பானையிலோ ஜாடியிலோ அழுத்தி வைத்தால் அடுத்த மாசி வரை புழு வராது. மழைக்காலத்தில் நூறு நூறு கிராமாகப் புளி வாங்குவதுதான் மிக அதிக விலைக்கு வாங்குவது.

4. தாளிப்பு வடகம் போடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கத்துச் சமையலின் உயிரே அதுதான் என்பேன். ஒரு உருண்டை கிள்ளிப் போட்டால் கடுகு, சீரகம், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை எதுவும் தனியாக வேண்டாம். எண்ணெயும் பாதி போதும். வெங்காயம் எட்டாத விலைக்கு ஏறும் மாதங்களில் குழம்பு ருசி குறையாமல் காப்பாற்றுவது இந்த உருண்டைதான்.

சின்ன வெங்காயம் மலிந்திருக்கும்போது ஒரு கிலோ வாங்குங்கள். பூண்டு 100 கிராம் சேர்த்து ஒன்றிரண்டாக இடித்து, ஊறவைத்து வடித்த உளுந்து 100 கிராம், கடுகு, சீரகம் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் தூள், கல் உப்பு, கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் பிழிந்து உருண்டை பிடித்துக் காயவைக்க வேண்டும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. சாயங்காலம் உருண்டைகளை அதே சாற்றில் உதிர்த்துப் போட்டு, மறுநாள் திரும்பப் பிடித்துக் காயவைக்க, சாறு முழுக்க உருண்டைக்குள் ஏறிவிடும். வாரம் பத்து நாளில் கல் போலக் காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவி ஜாடியில் போடுங்கள். வருஷம் முழுக்கக் கெடாது. வாசனை ஏறிக்கொண்டே போகும்.

5. மீன் மலியும் நாளைத் தெரிந்து வாங்கிக் கருவாடாக்குங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறும். மழை மாதங்களில் கடல் கொந்தளித்தால் வள்ளமும் போகாது. ஆகவே பங்குனிக்கு முன்னாலும், ஆடிக்குப் பிறகும் மத்தி, நெத்திலி, காரப்பொடி குவியும் நாட்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. கரையில் கூறு போட்டு விற்கும்போது இரண்டு வீடு சேர்ந்து ஒரு கூறை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் விருந்துக்கு இருக்கட்டும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து பெரிய மீனின் துண்டில் கிடைக்காது.

கருவாட்டுக்கு உப்பு நம் ஊரில் பஞ்சமில்லை. குடல் எடுத்துக் கீறிய மீன் நான்கு கிலோவுக்குக் கல் உப்பு ஒரு கிலோ. கீறலுக்குள்ளும் செவுளுக்குள்ளும் உப்பைத் திணித்து ஒரு நாள் வைத்து, மேலுப்பைக் கழுவிவிட்டுக் காயப்போடுங்கள். நெத்திலிக்கு உப்புத் தண்ணீரில் அரை மணி ஊறல் போதும். மணலில் நேராகப் பரப்பாமல் பழைய வலையைக் கட்டி அதன்மேல் பரப்பினால் மண் ஒட்டாது, அடியிலும் காற்றுப் போகும், இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். மழை நாளில் கைப்பிடி நெத்திலிக் கருவாடும் நான்கு கத்தரிக்காயும் இருந்தால் ஐந்து பேருக்குக் குழம்பு ஆகிவிடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

6. அளத்து உப்பு கருவாட்டுக்கு, ஊறுகாய்க்கு, புளிக்கு, வடகத்துக்கு. தினச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள். வீட்டு வாசலிலேயே உப்பு குவிந்திருக்கும்போது காசு கொடுத்து உப்பு வாங்குவதா என்று பெரியவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் கடல் நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் அயோடின் மிகக் கொஞ்சம். அது போதாவிட்டால் கழுத்துக் கழலை மட்டுமல்ல, வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் குறையும். அதனால்தான் அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை. ரேஷன் கடையிலேயே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அயோடின் உப்பு மலிவாகக் கிடைக்கிறது. மொத்த மளிகையில் இந்தச் செலவு ஒரு மூலைக்குக்கூட வராது. மூடியுள்ள டப்பாவில் வைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள்; வெப்பத்திலும் ஈரத்திலும் அயோடின் போய்விடும்.

7. பருப்பு, அரிசி, மாவு, ரவை எல்லாம் முடிந்தவரை உதிரியாக வாங்குங்கள். 2022 ஜூலை 18 முதல் பெயர் அச்சடித்த பாக்கெட்டில் 25 கிலோ வரை விற்கும் இவற்றுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. மூட்டையிலிருந்து அளந்து தருவதற்கு இல்லை. கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வந்ததே இதனால்தான். உதிரியில் கல்லும் பூச்சியும் இருக்கிறதா என்று கையில் அள்ளிப் பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. எண்ணெய் மட்டும் உதிரியாக வேண்டாம், கலப்படம் அதில்தான் அதிகம்.

8. பாக்கெட் வாங்கும்போது பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் கிராமுக்கு அல்லது மில்லிக்கு இத்தனை பைசா என்று இருப்பதைப் படியுங்கள். இப்போது அது கட்டாயம். எண்ணெய்ப் பாக்கெட் ஒரு லிட்டர் மாதிரியே தெரியும், எடுத்துப் பார்த்தால் 800 மில்லி இருக்கும். டீத்தூள், மசாலா, தேங்காய் எண்ணெய் சின்னப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் விலை கூடுதல். ஷாம்பூவில் சில சமயம் சின்னப் பாக்கெட்டே மலிவு. ஊகிக்காமல் பார்த்து வாங்குங்கள்.

9. கடன் நோட்டு. மழை மாதங்களில் அண்ணாச்சி கடை நோட்டு இல்லாமல் இங்கே பல வீட்டில் உலை கொதிக்காது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் வாங்குகிறவர் விலை கேட்க முடியாது, தரம் பார்க்க முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. ஆகவே நோட்டில் எழுதுவதை ஐந்து பொருளோடு நிறுத்துங்கள். பிஸ்கட், முறுக்கு, குளிர்பானம் எல்லாம் கையில் காசு இருந்தால் மட்டும். ஒவ்வொரு முறையும் வீட்டிலும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். கூலி வரும் நாளில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

10. சுயஉதவிக் குழுவில் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கிறீர்கள். உளுந்து, மிளகாய், சோப்பு மூன்றை மட்டுமாவது சேர்ந்து திண்டிவனத்தில் மொத்த விலைக்குப் பிடியுங்கள். போகிறவருடைய பஸ் காசையும் கணக்கில் சேர்த்துப் பிரித்தால் மனஸ்தாபம் வராது.

11. உப்புக் காற்றில் எல்லாம் நமுத்துப்போகும். கெட்டுப்போய்க் கொட்டுவது கணக்கில் வராத செலவு. உளுந்து, துவரையில் விளக்கெண்ணெய் லேசாகத் தடவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். அரிசியில் வேப்பிலையோ வசம்போ போடுங்கள். ரவையை வறுத்து வையுங்கள். மழைக்காலத்தில் மாவு, மிளகாய்த்தூள் பதினைந்து நாளுக்கு மேல் அரைத்து வைக்க வேண்டாம்.

12. மாசி முதல் வைகாசி வரை இங்கே தர்பூசணி மலிவு. சிவப்பைத் தின்றுவிட்டுத் தோலை ஆட்டுக்குப் போடுமுன், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையைச் சீவி எடுங்கள். சுரைக்காய் மாதிரி கூட்டும் மோர்க்குழம்பும் வைக்கலாம், ஒரு வேளைக் காய் மிச்சம். தையில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு: பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பாக்கெட்டைவிட இவை எவ்வளவோ மேல்.

13. வீட்டைச் சுற்றி உப்பு மண்ணாக இருந்தால் பழைய சிமெண்ட் சாக்கில் செம்மண்ணும் எருவும் போட்டுப் பசலை, கறிவேப்பிலை, மிளகாய் வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர் போதும்.

14. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் மதிய உணவும் கிடைக்கின்றன, மதியம் முட்டையும் உண்டு. காலை ஐந்து மணிக்கு அளத்துக்குக் கிளம்பும் தாய், பிள்ளைக்கு அவசரமாக இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வாங்காமல் விடாதீர்கள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கூட அது உண்டு.

15. மழை மாதத்துக்கென்று தனியாக ஒரு டின் வையுங்கள். வாரக் கூலி வந்ததும் சந்தைக்குப் போகுமுன் ஒரு பகுதி அதில். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கிக்கு வருகிறவர்கள், வேலை இருக்கும் மாதங்களில் அதைத் தொடாமல் விட்டாலே தையிலிருந்து புரட்டாசிக்குள் ஒன்பதாயிரம் ஆகிவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு வேலையில்லாத மழைக்கால மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டம் 2022 முதல் இருக்கிறது. அதற்கு நல வாரியப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுபோகலாம். ஆவணி மாதமே மூன்றையும் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பெண்ணும் அளத்து வேலைக்குப் போகிறார் என்றால் அவர் பெயரையும் பதியுங்கள். அள்ளுவதும் சுமப்பதும் பெரும்பாலும் அவர்தான்; பதிவில் மட்டும் அவர் பெயர் இல்லாமல் இருப்பது சரியில்லை.